பதினாறு நட்டு

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு உதிரிபாகக் கடையில் முன்பின் தெரியாத ஒருவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவர் தன் காருக்கு ஹப் கப் கேட்டார். கடைக்காரர் அது இல்லை, வீல் கப் இருக்கிறது என்றார். அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்காமல், "எதுனா ஒண்ணு குடுப்பா. ரெண்டும் கப்புதான, சக்கரத்த மூடுனா சரி" என்றார்.

நான் ஒயர் வாங்கப் போனவன். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. நீங்க மலைக்குப் போறவரா?"

"யோவ், ஒனக்கு இன்னாய்யா? நீ இன்னா கப்பு கம்பெனிக்காரனா?"

அப்புறம் பேச்சு வளர்ந்தது. கடைக்காரர் நடுவில் வந்து என்னை வெளியே அனுப்பினார். ஒயரையும் வாங்கவில்லை. வயதாகிறது, இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் என் கோபம் குறையாது. ஏன் என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் அந்த இரண்டு கப்பையும் சொல்லிவிடுகிறேன். ஹப் கப் என்பது உள்ளங்கை அளவு மூடி. சக்கரத்தின் நட்டநடுவில் இருக்கிற குழியை மட்டும் அடைக்கும். உள்ளே இருக்கிற கிரீஸில் மண்ணும் தண்ணீரும் படாமல் பார்த்துக்கொள்ளும். அதைச் சுற்றி நான்கு நட்டும் வெளியே தெரியும். வீல் கப் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. பிளாஸ்டிக். சக்கரத்தின் இரும்பு முழுவதையும், நட்டோடு சேர்த்து மூடிவிடும். வெள்ளிப் பூச்சு அடித்து, பூ மாதிரி வெட்டு வைத்து, பார்க்க லட்சணமாக இருக்கும். லட்சணத்தைத் தவிர அதனால் வேறு ஒரு பிரயோசனமும் இல்லை. அதை மாட்டினால் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற நட்டு கண்ணுக்குத் தெரியாது. என் வழக்கே இதுதான்.

நான் பதினெட்டு வருஷம் மலைக்கு வண்டி ஓட்டினவன். கல்வராயன் மலைக்கு ஏறுகிற வாடகைக் கார் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே எல்லாரும் நிறுத்துவோம். சவாரி வந்தவர்கள் டீ குடிப்பார்கள். நாங்கள் தோளில் கைத்துணியைப் போட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து ஒவ்வொரு நட்டையும் விரலால் பிடித்துத் திருகிப் பார்ப்போம். ஸ்பேனர் எல்லாம் வேண்டாம். தளர்ந்த நட்டு விரலுக்கே சொல்லிவிடும். சக்கரத்துக்கு நான்கு, வண்டிக்குப் பதினாறு. முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு டீ. 'நட்டுக்குக் கை வைச்சாச்சா' என்பதுதான் அங்கே ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கிற விதம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னால் நிற்கிறவன் செய்வான், பின்னால் வருகிறவனும் செய்வான்.

நான் ஓட்டிய கார் என்னுடையதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கார் ஸ்டாண்டில் நான்கு வண்டி வைத்திருந்த முதலாளியுடையது. எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டினவர்கள், மீதிப் பேர் ஒருநாள் ஓட்டலாம் என்று காத்திருந்தவர்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். உடம்பு சரியில்லை என்றால் விசாரிப்பார். ஆனால் வண்டி பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு பைத்தியம். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து அந்தப் பைத்தியம் ஜாஸ்தியாகிவிட்டது. ஆபீசர்கள் ஏறுகிற ஊர் ஆகிவிட்டதாம்.

ஒருநாள் ஹப் கப்பை எல்லாம் கழற்றிப்போட்டுவிட்டு நான்கு வண்டிக்கும் வீல் கப் வாங்கி மாட்டினார். நான் போய்ச் சொன்னேன்.

"மொதலாளி, மலை வண்டிக்கு இது வாணாங்க. நட்டு தெரியாது."

"நட்டு இன்னாத்துக்குத் தெரியணும்? பல்ல இளிச்சிக்கினு நிக்கற மாதிரி இருக்குது. எவன் ஏறுவான்?"

முதல் மாதத்திலேயே ஒரு வீல் கப் வளைவில் கழன்று பள்ளத்தில் பறந்துவிட்டது. அதோடு விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. ஒயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் வாங்கிவந்து, ஒவ்வொரு கப்பையும் நான்கு இடத்தில் இரும்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். அந்த டேக்கை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதில் எனக்கே வெட்கம். அடிவாரத்தில் நிறுத்துவதை நான் நிறுத்தவில்லை. கைத்துணியைத் தோளில் போடுவதையும் நிறுத்தவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்தேன். நட்டைத் தொட முடியாதே, அதனால் கப்பைத் தொட்டேன். பிளாஸ்டிக்கின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டு. ஆடவில்லையா, சரி. அடுத்த சக்கரம். எங்கள் ஸ்டாண்டில் அந்த முதலாளியின் வண்டி ஓட்டின நான்கு பேரும் இதையேதான் செய்தோம். மற்றவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. 'கை வைச்சாச்சா' என்று கேட்டார்கள். 'வைச்சாச்சு' என்றோம். பிளாஸ்டிக்கைத் தடவிவிட்டு மலையேறின முட்டாள்களில் நானும் ஒருவன். பதினெட்டு வருஷ அனுபவம் வேறு!

ஒருநாள் காலையில் சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஒரு சவாரி. ரயிலில் வருகிற ஒரு அம்மாவும் அவருடைய மகனும் புது மருமகளும். கரியாலூர் போய் அருவி பார்க்க வேண்டும். வண்டியை எடுக்கப் போனபோது முன் சக்கரம் இரண்டிலும் புது டயர் இருந்தது. முதல் நாள் முதலாளியே பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் மாற்றியிருந்தார்.

"டைட்டு பாத்தாங்களா மொதலாளி?"

"எல்லாம் பாத்தாச்சு. நீ கப்ப அவுக்காத. இப்பதான் டேக்கு போட்டுக்கினு வந்தேன்."

புது டயர் போட்டால் கொஞ்ச தூரம் ஓடினதும் மறுபடி ஒருமுறை நட்டை இறுக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் வாங்காதவனுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முதலாளி சொல்லிவிட்டார். சரிங்க என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

அடிவாரத்தில் நிறுத்தினேன். கப்பைத் தட்டினேன். டீ குடித்தேன். ஏறினேன்.

இரண்டாவது வளைவு தாண்டினதும் இடது முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். கப்புக்குள் சின்னக் கல் புகுந்துவிட்டால் அப்படித்தான் கேட்கும். முன்பும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கப் அழகாக, ஆடாமல், நான்கு டேக்கோடு உட்கார்ந்திருந்தது. வண்டியில் எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தி இருந்தது. நான்கு டேக்கை அறுக்க ஒரு நிமிஷம் ஆகாது. அந்த அம்மா ஜன்னல் வழியாக, "இன்னாப்பா சத்தம்?" என்று கேட்டார். "கல்லுதாம்மா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஐந்தாவது வளைவில் ஸ்டியரிங் கையில் உதறியது. பிரேக்கை மெல்ல மிதித்தேன். வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. தார் ரோட்டில் இரும்பு உரசுகிற சத்தம். எங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக உருண்டு போனது. யாருடைய சக்கரம் என்று ஒரு கணம் நினைத்தேன். அது ரோட்டைக் குறுக்கே கடந்து பள்ளத்தில் இறங்கியது. வண்டி மலைப்பக்கமாகப் போய் மண் சுவரில் முட்டி நின்றது. இடது சக்கரமாக இருந்ததால் மலைப்பக்கம் இழுத்தது. வலது சக்கரமாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மருமகள் அழுதுகொண்டே, "மெதுவாதான வந்தோம், மெதுவாதான வந்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கீழே மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த மலைக்காரர் ஒருவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேலே வந்தார். கப் அப்போதும் கழலவில்லை. டேக் அறுபடவில்லை. அவர் சக்கரத்தை என் முன்னால் சாய்த்தபோது உள்ளே கடகடவென்றது. கத்தியை எடுத்து டேக்கை அறுத்தேன். கப்பின் வெட்டு வழியாக இரண்டு நட்டு எங்கோ விழுந்திருக்க வேண்டும், மீதி இரண்டும் உள்ளே கிடந்தன. ஒழுங்காக, மரை கெடாமல், பளபளவென்று. கடையில் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டு, ஸ்பேனர் போட மறந்து கப்பை மாட்டியிருக்கிறார்கள். அதன்மேல் முதலாளி டேக்கைப் போட்டு முத்திரை வைத்துவிட்டார். அந்த இரண்டு நட்டும் நான் கேட்ட கல்.

"இதப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்குமே சாமி" என்றார் அந்த மலைக்காரர். ஆமாம், தெரிந்திருக்கும்.

முதலாளி வேறு வண்டியில் ஆள் அனுப்பினார். அந்தக் குடும்பத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கட்டுப் போட்டார்கள், அடுத்த நாள் ரயில் ஏற்றிவிட்டார்கள். மெதுவாகத்தான் வந்தோம் என்று சொல்ல இருந்த மூன்று பேரும் அதோடு போய்விட்டார்கள். வண்டியையும் சக்கரத்தையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நட்டு இரண்டையும் நான் முதலாளி கையில் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. பார்த்துவிட்டு அவரே சொல்வார் என்று நம்பினேன் போல.

மூன்றாம் நாள் ஸ்டாண்டுக்குப் போனேன். முதலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டு டிரைவர்கள்.

"வேகமா ஓட்டி கல்லு மேல ஏத்திட்டான்பா. வீலு பிச்சிக்கினு போயிடிச்சி. வேற இன்னா சொல்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"மொதலாளி, கப்ப அவுக்காதன்னு நீங்கதான சொன்னீங்க? டைட்டு பாத்தாச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? கப்புக்குள்ள நட்டு கெடந்துதே, நீங்க பாக்கல?"

"எந்த நட்டு?"

அவ்வளவுதான் கேட்டார். எந்த நட்டு! நான் கத்தினேன். கெட்ட வார்த்தைகூடப் பேசினேன், அதை மறைக்கவில்லை. நான் திட்டத் திட்ட என் பக்கம் நியாயம் குறைந்துகொண்டே போனது. என்னோடு பிளாஸ்டிக்கைத் தட்டின மற்ற மூன்று டிரைவர்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தன், "வுட்ரு, பெரியவங்ககிட்ட இப்டியா பேசறது" என்றான்.

பாருங்கள், அன்றோடு வேலை போனது எனக்குப் பெரிதில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு ஊரில் வேலை கிடைக்கும். மறுவாரமே பஸ் ஸ்டாண்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். போனது என் பேர். மலைக்கென்றால் அவன் வண்டியில் நம்பி ஏறலாம் என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு பேர் எடுத்திருந்தேன். அதை ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கால் ஆட்டிக்கொண்டு கெடுத்துவிட்டார். 'கப்பை அவிழ்க்காதே என்று சொன்னது நான்தான்.' இந்த ஒரு வரியை அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான், வேறு ஒன்றும் இல்லை. என் தப்பு எதுவென்று எனக்குத் தெரியும். அதை நான் ஒப்புக்கொள்வேன். அவருடையதையும் நானே சுமக்க வேண்டுமா?

மூன்று மாதம் போனது. ஷேர் ஆட்டோவில் பழைய ஆள் ஒருத்தர் ஏறினால், "இன்னாப்பா, மலைய வுட்டுட்டியா?" என்று கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரன் அடிப்பேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே போன் செய்தார். பெங்களூரிலிருந்து மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு வந்திருக்கிறார்களாம். மகளுக்குக் கரியாலூர் பார்க்க வேண்டுமாம். "எங்க வூட்ல ஒன்னதான் கூப்டணும்னு சொல்றாங்க. மலைக்குன்னா நீதான்னு" என்றார். அவர் மனைவி சொன்னாராம். அவர் சொல்லவில்லையாம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். மலையைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவர் வீட்டு வாசலில் அதே கார் நின்றது. இடிபட்ட இடத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தேன். வீல் கப் இல்லை. நான்கிலும் இல்லை. நடுவில் புது ஹப் கப், சுற்றி நான்கு நட்டு, வெட்டவெளியில். பக்கத்தில் நின்ற அவருடைய இன்னொரு வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் வீல் கப் அப்படியே இருந்தது, டேக்கோடு. வெளியார் ஏறுகிற வண்டிக்கு லட்சணம். தன் பேரப்பிள்ளை ஏறுகிற வண்டிக்கு மட்டும் நட்டு தெரிய வேண்டும்.

அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும்! முதல் நாளே தெரியும். தெரியாமல் பேசினார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்து நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் போனது. ஏறி வண்டியை எடுத்தேன்.

முதலாளி எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் அவர் மனைவி, மகள், மருமகன், மடியில் குழந்தை.

அடிவார டீக்கடையில் நிறுத்தினேன். எங்கள் ஸ்டாண்டு வண்டிகள் மூன்று நின்றன. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி, கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்பக்கம் சுற்றிப்போய் முதலாளி பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க மொதலாளி."

"இன்னாத்துக்கு?"

"நட்டுக்குக் கை வைக்கணும்."

"நீ வையி. நீதான டிரைவரு."

"நான் வைச்சா வேகமா ஓட்றவன் வைச்சதா ஆயிடும். நீங்க வைங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். டீக்கடையில் எல்லாருக்கும் கேட்டது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். அவர் கழுத்தில் நரம்பு புடைத்தது. இறங்கி என்னை அறைவார் என்றுகூட நினைத்தேன். பின்னாலிருந்து அவர் மனைவி, "எறங்கிதான் பாருங்களேன், கொழந்தய வச்சிக்கினு போறோம்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தும் சொன்னாரோ என்னவோ.

முதலாளி இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடது முன்சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு நட்டைத் தொட்டார்.

"தொட்டா போதாது, திருகிப் பாருங்க."

திருகினார். நான்கு. எழுந்து பின்சக்கரத்துக்குப் போனார். நான்கு. வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். நான் கூடவே போனேன். வாய்விட்டு எண்ணினேன். பன்னிரண்டில் மூச்சு வாங்க நின்றார். "இன்னும் நாலு இருக்குது" என்றேன். டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அந்த மூன்று டிரைவர்களில் இரண்டு பேர் அன்று தரையைப் பார்த்தவர்கள். இப்போது தரையைப் பார்க்கவில்லை.

பதினாறு.

எழுந்தபோது அவர் விரல் பத்தும் கறுப்பாக இருந்தது. பிரேக் தூசியும் எண்ணெயும். இரண்டு கையையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு எங்கே துடைப்பது என்று பார்த்தார். கைத்துணி என் தோளில் தொங்கியது. அதைப் பார்த்தார். கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

மகள் குழந்தையின் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். "வாணாம்மா" என்றார். வண்டியில் ஏறி இரண்டு கையையும் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

மலையேறினோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வளைவுகள் போயின. ஐந்தாவதில் மண் சுவர் சரிந்திருந்த இடம் இன்னும் அப்படியே சிவப்பாக இருந்தது. புல் முளைக்கவில்லை. முதலாளி தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்.

"இங்கதானா?" என்றார் மெதுவாக.

வேகமாக ஓட்டிக் கல்மேல் ஏற்றினேன் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதருக்கு அந்த இடம்கூடத் தெரியாது. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை.

"இங்கதான்" என்றேன்.

கரியாலூர் வரைக்கும் அந்தக் கறுப்புக் கை இரண்டும் மடிமேல் மல்லாந்தே கிடந்தன. கைத்துணி என் தோளிலேயே இருந்தது.